பிற்பகல் யாருக்குச் சொந்தம்?

வேலைநாளொன்றின் பிற்பகல் மூன்று மணிக்கு ஒரு மனிதன் மதுச்சாலையொன்றினுள் நுழைகிறான். அவனிடம் அவசரமெதுவும் இல்லை. கறுத்த ‘ஸ்டௌட்’ பியர் ஒரு குவளை கேட்கிறான். ஊற்றுபவர் குவளையை முக்கால் பங்குக்கு நிரப்பி, நுரை அடங்கும்வரை பலகைமீது வைத்துவிட்டு வேறு அலுவல் பார்க்கிறார். பின்னர் வந்து மிகுதியை நிரப்புகிறார். கேட்டவனும் பொறுமையாகக் காத்து நிற்கிறான். அருகிலிருப்பவர் மழையைப் பற்றி ஏதோ சொல்ல, இவனும் பதிலுக்கு ஏதோ சொல்கிறான். அயர்லாந்தின் எந்த நகரத்திலும் காணக்கூடிய இச்சிறு நிகழ்ச்சியில் ஒழுக்கவியலுக்கு என்ன வேலை எனக் கேட்கலாம். வேலை உண்டு. ஆனால் ஒழுக்கப் பிரச்சினை, நாம் வழக்கமாகத் தேடும் இடத்தில் இல்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

அம்மனிதனைக் கண்ட மாத்திரத்தே இரு வகை நீதிபதிகள் எழுந்துவிடுகின்றனர். ஒருவர் மதுவிலக்குப் பிரசாரகர். பட்டப்பகலில் குடிப்பவன் குடும்பத்தைக் கெடுப்பவன் என்பது அவர் தீர்ப்பு. மற்றவர் இரசிகர், இக்காலத்தில் பெரும்பாலும் சுற்றுலாத் துறையிடம் ஊதியம் பெறுபவர். மதுச்சாலையே ஐரிஷ் ஆன்மாவின் உறைவிடம், அங்கே செல்வரும் வறியரும் ஒரே பலகையில் அமர்ந்து கதையும் பாட்டும் பகிர்கின்றனர் என்பது அவர் வர்ணனை. முன்னவர் குவளைக்குள் இருப்பதை மட்டும் பார்க்கிறார். பின்னவர் குவளையைச் சுற்றியுள்ள முகங்களை மட்டும் பார்க்கிறார். அந்தப் பிற்பகல் அம்மனிதனுக்கு எவ்வாறு கிடைத்தது, அதற்கு விலை கொடுத்தவர் யார், அந்த வாசலில் தடுத்து நிறுத்தப்பட்டவர் யார் என்னும் கேள்விகள் இருவருக்குமே தோன்றுவதில்லை.

‘பப்’ என்பது ‘பப்ளிக் ஹவுஸ்’ என்னும் தொடரின் சுருக்கம். பொது வீடு என்பது அதன் நேர்ப்பொருள். நாம் வழங்கும் ‘தவறணை’ என்னும் சொல்லும் ஐரோப்பியர் வழி வந்ததே. எனினும் அது கடையை மட்டுமே குறிக்கும். ‘பொது வீடு’ என்னும் பெயருக்குள்ளோ ஒரு முரண்பாடு ஒளிந்திருக்கிறது. வீடென்றால் அதற்கு உடையவன் ஒருவன் உண்டு. பொது என்றால் எவனும் தனியே உடையவன் அல்லன். அயர்லாந்தின் நாட்டுப்புறச் சிற்றூர்களில் இந்தப் பொது வீடு பலசரக்குக் கடையாகவும் இருந்தது. அதே கடைக்காரர் சவப்பெட்டியும் பிரேத ஊர்தியும் ஏற்பாடு செய்துகொடுப்பவராகவும் விளங்கினார். தேயிலை வாங்கப் போனவனும் செத்தவீட்டுக் காரியமாகப் போனவனும் அங்கே சந்தித்தனர். இத்தகைய இடத்தைக் குடியின் கூடாரமென ஒரே சொல்லில் தள்ளிவிடுவது சோம்பேறித்தனமான சிந்தனை.

இலக்கிய மாணவருக்கு அயர்லாந்து மதுச்சாலை என்றதும் ஜேம்ஸ் ஜோய்ஸின் ‘யூலிசிஸ்’ நினைவுக்கு வரும். 1922இல் வெளிவந்த அந்நாவல், 1904 ஜூன் 16 என்னும் ஒரே நாளில் டப்ளின் நகரில் நிகழ்வது. அதன் நாயகன் லியோபோல்ட் புளூம் அன்று நண்பகல் கழிந்ததும் டியூக் வீதியிலுள்ள டேவி பேர்ன் மதுச்சாலைக்குள் நுழைந்து, பாலாடைக்கட்டி வைத்த சான்ட்விச் ஒன்றும் ஒரு கிண்ணம் திராட்சை மதுவும் வாங்கிக்கொண்டு அமர்கிறான். அவனை எவரும் தொந்தரவு செய்யவில்லை. அவன் போனபின் அங்கிருப்போர் அவனைப் பற்றி வம்பளந்தாலும், நிதானந் தவறாத மனிதன் என்று ஒத்துக்கொள்கின்றனர்.

அதே நாள் மாலை ஐந்து மணியளவில் பார்னி கியர்னன் மதுச்சாலையில் நடப்பது வேறு. இறந்துபோன நண்பனொருவனின் விதவைக்குக் காப்புறுதிப் பணம் கிடைக்கச் செய்யும் பொருட்டே புளூம் அங்கே செல்கிறான். குடிக்க அழைக்கின்றனர், மறுத்து, ஒரு சுருட்டு மட்டும் ஏற்றுக்கொள்கிறான். அன்றைய குதிரைப் பந்தயத்தில் ஒன்றுக்கு இருபதாகக் கொடுத்த குதிரையில் அவன் பணங்கட்டி வென்றுவிட்டான் என்று ஒரு பொய்ச் செய்தி பரவுகிறது. வென்றவன் சபையோருக்குக் குடி வாங்கிக் கொடுக்கவில்லை! ஏற்கெனவே அவன் யூதன் என்பது உறுத்திக்கொண்டிருந்த இடத்தில் இது போதாதா? தேசபக்தி பேசிக்கொண்டிருந்த ‘குடிமகன்’ என்னும் பாத்திரம் பிஸ்கற் தகரத்தைத் தூக்கி அவன்மேல் எறியுமளவுக்கு விடயம் முற்றுகிறது. அந்தக் குடிமகனோ அன்று முழுவதும் பிறர் காசில் குடித்துக்கொண்டிருப்பவன்.

ஒரே நகரம், ஒரே நாள், ஒரே மனிதன். டேவி பேர்னில் அவன் தன் காசைக் கொடுத்துத் தனியே அமர்ந்த வாடிக்கையாளன். கியர்னனில் அவன் ஒரு கூட்டத்தின் நடுவே வந்துவிட்டான். கூட்டத்துக்கு ஒரு சட்டம் உண்டு. அதனை ‘சுற்று’ என்பர். ஐவர் அமர்ந்தால் ஒருவர் ஐவருக்கும் வாங்குவார். அடுத்த முறை அடுத்தவர். இது எங்கும் எழுதப்படாத சட்டம், ஆயினும் பாராளுமன்றச் சட்டங்கள் பலவற்றைவிட உறுதியாக அமுலாகும் சட்டம்.

இந்தச் சுற்றில் அழகு இல்லையென்று நான் சொல்லமாட்டேன். தன் குவளைக்குத் தான் கணக்குப் பார்க்கும் சந்தை மனோபாவத்துக்கு அது ஒரு மறுப்பு. என் பணம் உன் பணம் என்னும் பேதம் ஒரு மணி நேரத்துக்காவது மறைகிறது. ஆனால் பிரெஞ்சுச் சமூகவியலாளர் மார்செல் மோஸ் 1925இல் கொடை பற்றி எழுதிய ஆய்வில் சுட்டிக்காட்டியதுபோல, கொடுப்பது மட்டுமன்றி, ஏற்றுக்கொள்வதும் திருப்பிக் கொடுப்பதும் கடமைகளாகிவிடுகின்றன. திருவள்ளுவர் ஒப்புரவு என்று ஓர் அதிகாரமே வகுத்தார். கைம்மாறு வேண்டாமையை அதன் இலக்கணமாக்கினார். சுற்றோ கைம்மாற்றை எதிர்பார்ப்பது மட்டுமன்று, அதனை அன்று மாலைக்குள்ளேயே எதிர்பார்ப்பது. கணக்கைச் சற்றே கூர்ந்து பார்ப்போம். ஐவர் சேர்ந்தால், நீதியாக நடக்க ஒவ்வொருவரும் ஐந்து குவளை குடித்தாக வேண்டும். ஒன்றோடு நிறுத்த விரும்பியவன் நட்பை முறித்தவனாகிறான். வாரச் சம்பளம் முப்பது ஷில்லிங்கு வாங்குபவனும் பதினைந்து வாங்குபவனும் ஒரே தொகையைச் செலவிடுகின்றனர். சமமாகச் செலவிடுவதைச் சமத்துவமென்று நாம் தவறாக எண்ணிவிடுகிறோம். பதினைந்து ஷில்லிங்குக்காரன் தன் வறுமையை மறைக்க வேண்டி, தன்னால் இயலாததைச் செய்கிறான். புளூம் ஏன் மறுத்தான் என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் வேண்டியதில்லை: ஒன்றை ஏற்றால் திரும்ப எழுந்திருக்க இயலாது. அயர்லாந்தில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே, பிறருக்குக் குடி வாங்கிக் கொடுக்கும் இவ்வழக்கத்தை ஒழிப்பதற்கென்றே சங்கம் அமைத்தனர். முதலாம் உலகப் போர்க் காலத்தில், 1915இல், பிரித்தானிய அரசு இலண்டனிலும் வேறு சில பிரதேசங்களிலும் ஒருவர் மற்றவருக்கு மது வாங்கிக் கொடுப்பதையே குற்றமாக்கியது. தாராள குணம் குற்றவியல் சட்டத்துக்குள் வந்த விநோதம் அது.

இனி விலையைப் பற்றி. சீன் ஓகேஸியின் ‘ஜூனோவும் மயிலும்’ நாடகம் 1924இல் டப்ளின் அபே அரங்கில் மேடையேறியது. அதில் வரும் ‘கப்டன்’ பொயில் மதுச்சாலைப் பிற்பகல்களின் மன்னன். தோழன் ஜொக்ஸரோடு கதையளக்கத் தெரிந்தவன். வேலையொன்று வருகிறதென்றால் கால்வலி வந்துவிடும். பார்வையாளர் அவனைக் கண்டு சிரிக்கின்றனர். நானும் வாசிக்கையில் சிரித்திருக்கிறேன். ஆனால் அவனுடைய ஒவ்வொரு பிற்பகலுக்கும் விலை கொடுப்பவள் அவன் மனைவி ஜூனோ. அவள் உழைத்துக் கொண்டுவருவதே அக்குடும்பத்தின் சோறு. மதுச்சாலையில் ஓடும் நேரம், இன்னொரு இடத்தில் இன்னொருவரின் உடலிலிருந்து எடுக்கப்பட்ட நேரம் என்பதை ஓகேஸி பிரசங்கம் எதுவுமின்றிக் காட்டிவிடுகிறார். மதுவிலக்குக்காரர் பொயிலைத் திட்டுவதோடு நின்றுவிடுவார். இரசிகர் அவன் பேச்சை மெச்சுவதோடு நின்றுவிடுவார். ஜூனோவின் பிற்பகலைப் பற்றி இருவருமே கேட்பதில்லை. அவளுக்குப் பிற்பகல் என்று ஒன்று இருந்ததா?

ஓகேஸி ஏட்டுப் படிப்பால் இதனைக் கற்றவரல்லர். அவர் உடலுழைப்பாளர், ஐரிஷ் குடிமக்கள் படையின் செயலாளராக 1914இல் பணியாற்றியவர், ஜிம் லார்க்கினைத் தலைவராகக் கொண்டாடியவர். இந்த லார்க்கின் இல்லாமல் ஐரிஷ் மதுச்சாலை பற்றிய எந்த ஒழுக்க விசாரணையும் நிறைவுபெறாது.

டப்ளின் துறைமுகத்தில் அன்று நிரந்தர வேலை என்பது அரிது. காலையில் தொழிலாளர் கூடி நிற்பர். கப்பற் சரக்கு இறக்குவதைக் குத்தகையெடுத்தவரின் ஆள் (நம் தோட்டப்புறத்துச் சொல்லில் கங்காணி) பெயர்களை அழைப்பான். அழைக்கப்பட்டவனுக்கு அன்று கூலி. அழைக்கப்படாதவனுக்கு அன்று பசி. வேலை முடிந்தபின் கூலி எங்கே வழங்கப்பட்டது? மதுச்சாலையில். பணத்தை வாங்கிக்கொண்டு ஒரு குவளையும் அருந்தாமல் வெளியேறுபவனின் பெயர் மறுநாள் கங்காணியின் வாயில் வருமா என்பது ஐயம். கங்காணிக்கு ஒரு குவளை வாங்கிக் கொடுப்பவனின் பெயர் எளிதில் வரும். மதுச்சாலைகளில் கூலி கொடுப்பதைத் தடைசெய்யும் சட்டம் 1883ஆம் ஆண்டிலேயே நிறைவேறியிருந்தது. சட்டம் ஏட்டிலும் வழக்கம் துறைமுகத்திலும் இருந்தன.

இந்நிலையில் குடிக்கும் தொழிலாளியின் ஒழுக்கத்தைப் பற்றிப் பேச முற்படுவோரின் அறியாமையை என்னென்பது! சுற்றின் சட்டத்தையே எடுத்துக்கொள்வோம். தோழரிடையே அது கடனும் கௌரவமுமாக இருந்தது. கங்காணிக்கு முன் அது கப்பமாகிவிட்டது. செயல் ஒன்றே; குவளையும் ஒன்றே; அதிகார உறவு மாறியதும் செயலின் பொருளே மாறிவிடுகிறது. பகல் இரண்டு மணிக்கு மதுச்சாலையில் அமர்ந்திருக்கும் துறைமுகத் தொழிலாளியைப் பார்த்து வேலைநேரத்தில் ஓய்வெடுக்கிறான் என்று கண்டிப்பவர், காலையில் அவன் பெயர் அழைக்கப்படவில்லை என்பதை அறியாதவர். அவனது பிற்பகல் ஓய்வன்று, வேலையின்மை. மார்க்ஸின் மருமகன் போல் லஃபார்க் 1880இல் சோம்பியிருக்கும் உரிமையைப் பற்றி எழுதியபோது, நாளொன்றுக்கு மூன்று மணி நேர உழைப்பே போதுமென வாதிட்டார். அது உழைப்பு உள்ளவனின் உரிமைக்குரல். உழைப்பே மறுக்கப்பட்டவனின் வெறுமையான பிற்பகலை அந்த வாதத்தில் சேர்க்கலாகாது. இங்கே ஒரு சிறு முரண்நகையையும் குறிப்பிடலாம். அத்தொழிலாளி அருந்திய பியரைக் காய்ச்சிய ஆர்தர் கின்னஸ், 1759இல் தம் ஆலைக்கான இடத்தை ஆண்டொன்றுக்கு 45 பவுண் வாடகைக்கு 9000 ஆண்டுகளுக்குக் குத்தகை எழுதிக்கொண்டார். துறைமுகத்தில் ஒருவனுக்கு மறுநாளுக்கே உறுதியில்லை.

லார்க்கின் தாம் மதுவைத் தொடாதவர். மதுச்சாலையில் கூலி கொடுக்கும் வழக்கத்தை எதிர்த்துப் போராடி அதனை ஒழிக்க உழைத்தவர். 1909இல் உருப்பெற்ற அவரது போக்குவரத்துத் தொழிலாளர் சங்கமே 1913 ஆகஸ்ட் முதல் 1914 தொடக்கம் வரை நீடித்த மாபெரும் கதவடைப்பை எதிர்கொண்டது. ஏறத்தாழ 20,000 தொழிலாளர் அதில் சிக்கினர். இவையெல்லாம் வரலாற்று நூல்கள் விரிவாகச் சொல்பவை. என் கவனத்தை ஈர்ப்பது சிறியதொரு செய்தி. அதே 1913இல் அச்சங்கம் டப்ளினின் வடபுறத்தே குரொய்டன் பார்க் என்னும் பெரியதொரு மாளிகையையும் தோட்டத்தையும் வாடகைக்கு எடுத்தது. தொழிலாளரும் மனைவியரும் பிள்ளைகளும் அங்கே சென்று பாடினர், ஆடினர், விளையாடினர். ஒற்றை அறையில் பல பேர் நெருக்கி வாழ்ந்த சேரிக் குடும்பங்களுக்கு மரநிழலில் ஒரு பிற்பகல் கிடைத்தது.

சம்பளப் போராட்டத்தின் நடுவே தோட்டமொன்றுக்கு வாடகை கொடுப்பது வீண் செலவென்று கருதியோர் இருந்திருக்கலாம். எனக்கோ லார்க்கினின் சிந்தனை முழுவதும் அந்தத் தோட்டத்திலே தெரிகிறது. மதுச்சாலை தொழிலாளிக்கு இரண்டு பொருள்களை ஒருசேர விற்றது: ஒன்று மது, மற்றது துணை. குளிரும் இருளும் நிறைந்த அறைக்கு வெளியே, வெளிச்சமுள்ள இடத்தில், பிற மனிதரின் குரல் கேட்க அமர்ந்திருப்பது ஆடம்பரமன்று, மனிதத் தேவை. மதுவைப் பறிப்பவன் துணையையும் சேர்த்துப் பறிக்கிறான். அதற்கு ஈடாக எதையும் தராவிட்டால் அவன் செய்வது சீர்திருத்தமன்று, கொள்ளை. இதனை 1838இல் கோர்க் நகரில் மதுவொழிப்பு இயக்கத்தைத் தொடங்கிய தியோபோல்ட் மத்தியூ பாதிரியாரின் இயக்கமும் ஓரளவு உணர்ந்திருந்தது என்றே சொல்லவேண்டும்; சத்தியம் செய்தவர்களுக்கென்று வாசிகசாலைகளும் வாத்தியக் குழுக்களும் தோன்றின. பின்வந்த அறவுரையாளர் பலர் சத்தியத்தை மட்டும் வைத்துக்கொண்டு வாத்தியத்தை விட்டுவிட்டனர்.

சுதந்திரம் பெற்ற அரசு செய்தது என்ன? நீதியமைச்சர் கெவின் ஓஹிகின்ஸ் கொண்டுவந்த 1927ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி டப்ளின், கோர்க் நகர மதுச்சாலைகள் பிற்பகல் இரண்டரை மணி முதல் மூன்றரை மணி வரை மூடப்பட்டன. மக்கள் அதற்குப் ‘புனித மணி’ என்று கேலிப்பெயர் வைத்தனர். வாரநாட்களில் அது 1988 வரை நீடித்தது. மதிய உணவுக்கு வந்தவன் மாலைவரை அமர்ந்துவிடாதிருக்க வேண்டுமென்பது நோக்கம். பல இடங்களில் கதவைப் பூட்டியபோது உள்ளே இருந்தோர் உள்ளேயே இருந்து தொடர்ந்து அருந்தினர் என்பது டப்ளின் மக்கள் இன்றும் சொல்லிச் சிரிக்கும் கதை. சிரிப்பு ஒருபுறமிருக்க, சட்டத்தின் மனப்பாங்கைக் கவனிக்க வேண்டும். நாளின் ஒரு மணி நேரத்தைத் தொழிலாளியின் நன்மைக்காக எடுத்துக்கொண்ட அரசு, அந்த மணியில் அவன் போயிருக்க வேறோர் இடத்தைத் திறக்கவில்லை.

வாசலுக்கு வருவோம். பொது வீட்டின் பொதுமை எவ்வளவு தூரம் உண்மை? பழைய மதுச்சாலைகளில் ‘ஸ்னக்’ என்றோர் சிறு தடுப்பறை உண்டு. பெண்கள் அதனுள் மறைந்திருந்து அருந்தலாம். பிறர் கண்ணில் பட விரும்பாத பாதிரிமாரும் பொலிஸ்காரரும்கூட அதனைப் பயன்படுத்தினர். வெளியே வந்தபின்னும் பல கடைகளில் பெண்ணுக்கு முழு ‘பைன்ட்’ குவளை ஊற்ற மறுத்தனர்; அரைக் குவளையே அவளது அளவு. 1970களில் பத்திரிகையாளர் நெல் மக்காஃபெர்ட்டியும் தோழியரும் டப்ளின் மதுச்சாலையொன்றில் கூட்டமாகச் சென்று, எல்லோருக்கும் பிராந்தி கேட்டு வாங்கிக்கொண்டு, பின்னர் ஒரேயொரு பைன்ட் ஸ்டௌட் கேட்டனர். அது மறுக்கப்பட்டதும், கேட்டதைத் தராத கடைக்குப் பணமில்லை என்று பிராந்திக்கும் காசு கொடுக்காமல் வெளியேறினர். தேநீர்க் கடையில் தனிப் பேணியைக் கண்ட சமூகத்துக்கு, குவளையின் அளவில் மனிதரின் அளவு குறிக்கப்படுவதை விளக்கத் தேவையில்லை.

‘டிராவலர்’ எனப்படும் ஐரிஷ் நாடோடி மக்களுக்கு அரைக் குவளையும் இல்லை. வாசலிலேயே திருப்பியனுப்பப்படுவது அவர்களின் நெடுநாள் அனுபவம். 2000ஆம் ஆண்டின் சம அந்தஸ்துச் சட்டம் ஒன்பது அடிப்படைகளில் பாரபட்சத்தைத் தடைசெய்தது. டிராவலர் சமூகத்தவராயிருத்தல் அவற்றுள் ஒன்று. முறைப்பாடுகள் குவிந்தன. மதுச்சாலை உரிமையாளர் எதிர்த்தனர். 2003இல் இத்தகைய வழக்குகள் எளிமையான சமத்துவ நியாய சபையிலிருந்து மாவட்ட நீதிமன்றத்துக்கு மாற்றப்பட்டன. ஏழை முறைப்பாட்டாளருக்கு அது ஏறமுடியாத படி. அம்மக்களை ஒரு தனி இனக்குழுவினரென அரசு ஏற்றுக்கொள்ள 2017 மார்ச் வரை ஆயிற்று.

இது என் கடை, யாரை உள்ளே விடுவதென்பது என் விருப்பம் என்று உரிமையாளர் சொல்வார். சற்றுமுன் கண்ட முரண்பாடு இங்கே வெளிப்படையாகிறது. வருமானத்துக்கு அது பொது. வாசலுக்கு அது வீடு. ஆனால் மது விற்கும் அனுமதிப் பத்திரம் அவர் தந்தையார் விட்டுச்சென்ற வீட்டோடு வானத்திலிருந்து இறங்கியதன்று. பொதுமக்கள் பெயரால் அரசு வழங்கியது. பொதுவிடமிருந்து உரிமை பெற்றவர், பொதுமக்களில் ஒரு பகுதியினரைப் பொதுவல்லர் என்று எவ்வாறு தீர்மானிக்கலாம்? இதற்கு நேர்மையான விடையொன்றை நான் எங்கும் கண்டதில்லை.

ஒருவரின் ஓய்வு நேரம் இன்னொருவரின் வேலை நேரம் என்பதும் மறக்கப்படுவது. 2004 மார்ச் 29இல் அயர்லாந்து, உலக நாடுகளில் முதலாவதாக, எல்லா உள்ளக வேலைத்தலங்களிலும் புகைத்தலைத் தடைசெய்தது. மதுச்சாலைகளும் அதில் அடங்கின. புகையில்லாமல் ஐரிஷ் மதுச்சாலையா என்று ஏங்கியவர் பலர். சட்டத்தின் வாதமோ வாடிக்கையாளரின் ஒழுக்கத்தைப் பற்றியதன்று. பலகைக்குப் பின்னால் நாள் முழுதும் நின்று பிறர் விட்ட புகையைச் சுவாசிக்கும் தொழிலாளியின் சுவாசப்பையைப் பற்றியது. மது தொடர்பாக அந்நாட்டில் எழுந்த சட்டங்களில் இதனையே நான் மிக உயர்வாக மதிக்கிறேன். குடிப்பவனுக்கு உபதேசம் செய்யாமல், ஊற்றிக் கொடுப்பவனை மனிதனாகக் கண்டது அது.

இன்று அந்த மதுச்சாலைகளே குறைந்து வருகின்றன. 2005க்குப் பின் ஐந்தில் ஒரு பங்குக்கு மேற்பட்டவை மூடப்பட்டுவிட்டன. நாட்டுப்புறங்களில் இழப்பு அதிகம். அதே காலத்தில் மரமும் பித்தளையும் பழைய போத்தல்களுமாக ‘ஐரிஷ் பப்’ அச்சுவார்த்து உலக நகரங்களுக்கெல்லாம் ஏற்றுமதியாகிறது. பலகை கப்பலேறிவிட்டது, பலகையில் அமர்ந்த அயலவர் வீட்டில் தனியே இருக்கின்றனர். சிற்றூர் முதியவர் ஒருவர் அங்காடியில் மலிவாகத் தகரக் குவளைகளை வாங்கிச் சென்று தம் சமையலறையில் அருந்துகிறார். குடி நிற்கவில்லை, துணைதான் நின்றுவிட்டது. ஓரிரு ஊர்களில் ஊரவர் பங்குபோட்டு, மூடவிருந்த கடையைத் தாமே வாங்கி நடத்துகின்றனர். அது பொது வீடு என்னும் பெயருக்கு முதன்முறையாக நேர்ப்பொருள் தரும் முயற்சி. அங்கே தேநீர் மட்டும் கேட்டு இரண்டு மணி நேரம் அமர்ந்திருப்பவனை அவர்கள் எவ்வாறு நடத்துகின்றனர் என்று அறிய எனக்கு ஆவல்.

அரசு, 2018ஆம் ஆண்டுப் பொதுச் சுகாதாரச் சட்டத்தின் கீழ், 2022 ஜனவரி 4 முதல் மதுவுக்கு ஆகக்குறைந்த விலை விதித்தது: மதுசாரம் ஒரு கிராமுக்கு 10 சதம். மதுச்சாலை விலை முன்பே அதற்கு மேலிருந்ததால் அங்கே அமர்வோரை அது தொடவில்லை. சமையலறையில் தனியே அமர்ந்திருப்பவரின் மலிவுத் தகரத்தையே தொட்டது. மலிவு மதுவின் கேட்டினை மருத்துவர்கள் எடுத்துரைப்பது உண்மை. அச்சட்டத்தை நான் எதிர்க்கவில்லை. அதில் விலைக்கு ஒரு பிரிவு உண்டு. விளம்பரத்துக்கும் போத்தலில் ஒட்டும் எச்சரிக்கைக்கும் பிரிவுகள் உண்டு. குரொய்டன் பார்க்குக்கு ஒரு பிரிவு இல்லை.